பரிமாறுகிறவளின் தட்டு

போன மாதம் ஊட்டச்சத்து அதிகாரிகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் சின்னப் பெண்கள். கையில் ஒரு பெரிய படம் வைத்திருந்தார்கள். வட்டமான தட்டு ஒன்றைக் கோடு போட்டுப் பிரித்து, பாதியில் காய்கறியும் பழமும், ஒரு கால் பங்கில் சோறு, இன்னொரு கால் பங்கில் மீன் என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். இந்தக் காலத்து இளைஞர்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லையாம், கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்களாம். பழைய சமையல்காரர் ஒருவர் வந்து பேசினால் நன்றாக இருக்குமாம்.

"ஐயா, உங்க காலத்துல சரிவிகித உணவுன்னு ஏதாச்சும் இருந்துச்சா?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இருந்ததாவாம். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கீரையைக்கூட நிறுத்துப் போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது. உட்காரும்மா என்று சொல்லி இரண்டு மணி நேரம் அவர்களை நகரவிடவில்லை. பாவம், வைத்த கோப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில், "படம் நல்லா இருக்கு. ஆனா இது யாரோட தட்டுன்னு எழுதலையே" என்றேன். மேடையேறிப் பேச எனக்கு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

நான் சமையல் கற்ற கதை நீளமானதல்ல. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே மீசை முளைத்தவன் நான். சண்டை முடிந்ததும் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவப் போனேன். கழுவினேன், உரித்தேன், நறுக்கினேன், கிளறினேன், பத்து வருடம் ஓடிவிட்டது. அங்கே கற்றதில் இன்றும் கைவிடாதது ஒன்றுதான். கண்ணளவை நம்பக் கூடாது, தராசை நம்ப வேண்டும்.

மெர்டேக்காவுக்கு, அதுதான் சுதந்திரத்துக்கு, முந்திய வருடம் மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு விடுதிக்குத் தலைமைச் சமையல்காரனாக வந்து சேர்ந்தேன். தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாகப் போகிற பெண்பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதி அது. முப்பத்திரண்டு பேர், பதினேழு பதினெட்டு வயது, பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். நாடு சுதந்திரம் அடையப் போகிறது, பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பிள்ளைகள் நடக்கிற நடையிலேயே ஒரு மிடுக்கு இருக்கும்.

விடுதியின் தலைவி மிஸ் ராசம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒல்லியான உருவம். குரலை உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. காலை பதினொன்றரைக்குச் சமையல்கட்டுக்கு வருவார். இடுப்பில் செருகிய கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்து, அதைக்கொண்டு ஒவ்வொரு சட்டியின் மூடியையும் பிடித்துத் தூக்குவார், முகர்ந்து பார்ப்பார், மூடியை ஓசைப்படாமல் வைப்பார். "நல்லது" என்று ஒரு சொல். அவ்வளவுதான். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் மாணிக்கம். கோபம் வந்த நாளில் மிஸ்டர் மாணிக்கம்.

வந்த புதிதில் எனக்கும் பிள்ளைகளுக்கும் கீரைச் சண்டை. விடுதிக்குப் பின்னால், மலாக்காச் செட்டிகள் குடியிருந்த செட்டிக் கம்பத்திலிருந்து ஓர் அம்மாள் அன்றாடம் கங்கோங் கீரை கொண்டுவருவார். அவர்கள் வம்சம் தமிழானாலும் வீட்டில் மலாய்தான் பேச்சு, எங்கள் பேரமும் மலாயில்தான் நடக்கும். தளதளவென்று இருக்கும் கீரை. அதைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கி அனுப்புவேன். சாப்பாடு முடிந்து தட்டுகள் கழுவ வரும்போது பார்த்தால், தட்டின் ஓரத்தில் கீரை அப்படியே சுருண்டு கிடக்கும். நம் பிள்ளைகளுக்குச் சோறும் குழம்பும் இருந்தால் போதும். மூணு மணிக்கு முச்சந்திக் கடையில் துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கும் உப்புப்போட்ட புளிப்புப் பழமும் வாங்கித் தின்ன மட்டும் வயிற்றில் இடம் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தாதையுங்கோ மாணிக்கம்" என்றார் மிஸ். "பிள்ளையளுக்கு எப்ப நல்லாப் பசிக்குது?"

"மணி அடிக்கறப்ப மிஸ்."

"அப்ப மணி அடிக்கேக்குள்ள கீரையை மட்டும் அனுப்புங்கோ. சோறு பத்து நிமிசம் செண்டு போகட்டும்."

அவ்வளவுதான் வைத்தியம். வெறும் தட்டில் கீரையும் ஒரு துண்டு பப்பாளியும். சோறு எங்கே என்று சமையல்கட்டின் சின்ன ஜன்னலைத் தட்டினார்கள். வேகுது, வேகுது என்றேன். பசி தாங்காமல் கீரை முழுவதும் உள்ளே போய்விட்டது. ஒரு மாதத்தில், "அண்ணே, கீரை இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமைதான் பிறகு என் கண்ணை மறைத்தது. எங்கள் முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டறையில் நான்கு மேசை, மேசைக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு மேசைக்கும் நான் சோறு, குழம்பு, பருப்பு எல்லாம் நிறுத்து எட்டுப் பேருக்கென்று தனித்தனிச் சட்டியில் போடுவேன். கெம்போங் மீன் என்றால் எண்ணி எட்டு. சட்டிகளைச் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். பெண்பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? மிஸ்ஸும் தன் அறையில்தான் சாப்பிடுவார், தான் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று. மேசைக்கு ஒரு பிள்ளை வாரம் முழுக்கப் பரிமாற வேண்டும், அடுத்த வாரம் இன்னொருத்தி. சாப்பாடு முடிந்ததும் காலிச் சட்டிகள் அதே ஜன்னல் வழியாகத் திரும்பிவரும்.

அதில் முதல் மேசையின் சட்டி இருக்கிறதே, அதில் முகம் பார்க்கலாம். ஒரு பருக்கை இருக்காது, அடியில் ஒட்டிய குழம்புகூட இருக்காது. என் சமையலுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தச் சட்டியைக் காட்டுவேன்.

முதல் மேசையில் லெட்சுமி என்று ஒரு பிள்ளை இருந்தது. புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்கள். வீட்டில் ஏழு பிள்ளைகளில் இவள் மூத்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து ஆசிரியை ஆகப் போகிற முதல் ஆள் என்பதால், விடுதிக்குக் கொண்டுவந்து விட லோரியில் பதினைந்து பேர் வந்தார்கள். அதிர்ந்து பேசாத பிள்ளை. எந்த வேலையையும் முகம் சுளிக்காமல் செய்யும்.

ஒரு நாள் பயிற்சிக்குப் போன பள்ளியில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே லெட்சுமி மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தார். நோய் நொடி ஒன்றும் இல்லை, ஆனால் வந்து சேர்ந்த நாளில் இருந்த எடையைவிட இப்போது குறைந்திருக்கிறாள் என்றார். இந்த உடம்போடு நாள் முழுக்க வகுப்பில் நிற்க முடியாது, பதினைந்து நாளில் எடை ஏறாவிட்டால் தகுதிச் சான்று தர முடியாது, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். வீட்டுக்குப் போனால் அவ்வளவுதான். அவள் இடத்துக்கு வரக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அடுத்த வாரமே அம்மாவோடு சேர்ந்து மரம் வெட்டப் போக வேண்டியதுதான்.

எனக்கு என்ன வந்தது என்கிறீர்களா? ரோஷம் வந்தது. என் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒரு பிள்ளை இளைத்துப்போவதா? அன்றிலிருந்து லெட்சுமிக்கென்று தனியாக ஓர் அவித்த முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் ஜன்னல் வழியாகப் போயின. ஒரு வாரம் கழித்து அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் அவளை நிற்க வைத்தோம். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். முள் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை.

அன்று மத்தியானம் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஸ்டர் மாணிக்கம், இருங்கோ."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். உட்காரவில்லை. முதல் மேசைச் சட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை அவர் முன்னால் வைத்தேன். "பாருங்க மிஸ். எட்டு மீன் போச்சு, ஒண்ணு திரும்பி வரல. சட்டியைத் தொடச்ச மாதிரி வந்திருக்கு. இதுக்கு மேல நான் என்ன செய்யட்டும்?"

மிஸ் சட்டியைக் கையில் எடுத்தார். விரலால் அதன் அடியைத் தடவிப் பார்த்தார்.

"நீங்கள் குடுத்தது எனக்குத் தெரியும். பிள்ளை சாப்பிட்டதைப் பாத்தனீங்களோ?"

வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும், ஒரு பிள்ளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"நானும் பாக்கேல்லை" என்றார் மிஸ். "அது என்ர பிழையும்தான்."

மறுநாள் மத்தியானம் ஜன்னல் கதவைச் சாத்தவில்லை. கரண்டிக் காம்பு கழன்றுவிட்டது, தட்டிச் சரிசெய்கிறேன் என்று பாவனை செய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நன்றாக இருந்த கரண்டி, நான் தட்டிய தட்டில்தான் கோணிப்போனது.

லெட்சுமிதான் பரிமாறினாள். அந்த வாரம் அவள் முறை இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு மெர்டேக்கா கலைநிகழ்ச்சிக்குக் கும்மி ஒத்திகை, நேரமாகிறது, நீ கொஞ்சம் போட்டுடு லெட்சு என்றால் போதும், எழுந்துவிடுவாள். மாதக்கணக்காக அப்படித்தான் நடந்திருக்கிறது. ஏழு தட்டிலும் மீன் வைத்தாள். எட்டாவது மீன் சட்டியில் கிடந்தது. ஒரு பிள்ளை, "இன்னும் ஒண்ணு இருக்கா லெட்சு?" என்றது. கேட்டதும் எடுத்து வைத்துவிட்டாள். நான் அனுப்பிய முட்டை, இருமிக்கொண்டிருந்த இன்னொரு பிள்ளையின் தட்டுக்குப் போனது. பால், தலைவலி என்று சொன்ன ஒருத்திக்கு. யாரும் பிடுங்கவில்லை, யாரும் கெட்ட பிள்ளை இல்லை. அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவர்கள் பேசிச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவி ஒத்திகைக்கு ஓடிவிட்டார்கள்.

பிறகு லெட்சுமி குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டு பிடி சோற்றை அதற்குள் போட்டு, அடியோடு சுற்றித் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள்.

நான் ஊர் முழுக்கக் காட்டிப் பெருமையடித்துக்கொண்ட சட்டி அது. வெட்கமாக இருந்தது, சொல்வதற்கென்ன. கரண்டியைப் போட்டுவிட்டு முதல் தடவையாகச் சாப்பாட்டறைக்குள் போனேன்.

"ஏம்மா, உன் மீன் எங்க?"

அவள் பதறி எழுந்தாள். "நான் மீன் அவ்வளவா சாப்பிட மாட்டேண்ணே."

"சின்ன வயசிலேர்ந்தா?"

"ஆமாண்ணே. எங்கம்மாவும் சாப்பிட மாட்டாங்க. எல்லாருக்கும் போட்டுட்டுக் கொழம்பு மட்டும் ஊத்திக்குவாங்க. எங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

நேராக மிஸ்ஸிடம் போய், கண்டதைக் கண்டபடி சொன்னேன். டாக்டர் சொன்ன கெடுவுக்கு அப்போது ஏழு நாள் பாக்கி.

பரிமாறுகிறவள் தன் தட்டில் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றொரு விதி போட்டுவிடலாம் என்றேன். மிஸ் லெட்சுமியைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டது. "எல்லாரும் பசியோட உக்காந்திருக்கறப்ப எனக்கு நானே எடுத்து வெச்சுக்கிறதா மிஸ்? அது நல்லா இருக்காது மிஸ். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" டாக்டர் திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும், அதை மட்டும் செய்ய மாட்டாள் போலிருந்தது.

மிஸ் ராசம்மா கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மணி அடிக்கிற நேரத்தில் சாப்பாட்டறைக்குப் போய் நின்றார். முப்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"இண்டையிலிருந்து ஒரு மாற்றம், பிள்ளையள்" என்றார். "பரிமாறுற பிள்ளைக்கு முன்னால இருக்கிற ஆள், அவவுக்குப் பரிமாற வேணும். கீரை, சோறு, மீன் எல்லாம். அந்தத் தட்டு நிறைஞ்சு, அவவும் வந்து இருந்தாப் பிறகுதான் மற்றவை கை நனைக்கலாம். மீன் ஆளுக்கு ஒண்டு. இன்னும் வேணுமெண்டால் கீரை எடுங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். லெட்சுமியின் பெயரையே எடுக்கவில்லை. நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசித்த பிள்ளைகள் அல்லவா, சோறு ஆறுகிறது. லெட்சுமியின் தட்டு எவ்வளவு சீக்கிரம் நிறைந்தது என்று நினைக்கிறீர்கள்? "உக்காரு லெட்சு, சீக்கிரம் உக்காரு, பசி உயிர் போகுது" என்று மூன்று பேர் அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார்கள். மீன் தொண்டையில் இறங்காமல் முதல் நாள் திணறினாள். மூன்றாம் நாள் முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை. மீன் பிடிக்காத பிள்ளையாம்.

ஆனால் நான் நாளுக்கு மூன்று தடவை தராசைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நாளில் எவ்வளவுதான் ஏறும்? சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். நான் கும்பிடாத சாமி இல்லை. அவளைத் தராசில் நிற்க வைத்தார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னார். அப்புறம் மூன்று ராத்தல் கூடியிருக்கிறது, இப்படியே போனால் போதும் என்று சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "எதிரில ஓர் ஆளை இருத்தினோம்" என்றார் மிஸ். டாக்டருக்குப் புரியவில்லை. லெட்சுமி இப்போது ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டுகிறார் அண்ணே என்று போன தீபாவளிக்குச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மட்டும் எனக்கு ஓய்வு, உதவியாள் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும்தான் நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் மனைவி பாக்கியம் மீன் குழம்பு வைத்திருந்தாள். நானும் என் மகனும் பாயில் உட்கார்ந்தோம். பாக்கியம் பரிமாறினாள். நான் லெட்சுமி கதையை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினேன். சட்டியைத் துடைத்த இடத்தில் பாக்கியம், "பாவம், அந்தப் பிள்ளையோட அம்மா இதைக் கேட்டா என்னமா துடிச்சிருப்பா" என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னும் இரண்டு துண்டு மீனை வைத்தாள்.

கதவோரம் என் மகள் தேவி நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

"தேவி, நீ சாப்பிடலையா?" என்றேன்.

"அம்மாவோட சாப்பிடறேம்ப்பா."

"வா, வந்து உக்காரு. மீன் எவ்வளவு நல்லா இருக்கு பாரு."

"எனக்கு மீன் அவ்வளவா பிடிக்காதுப்பா" என்றாள் தேவி.

வாய்க்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது. சட்டியை எட்டிப் பார்த்தேன். ஒரு தலையும் குழம்பும்தான் இருந்தன. எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். முப்பத்திரண்டு தட்டுக்கு அளந்து போடுகிறவன், என் பெண்டாட்டி என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நாள் பார்த்திருப்பேனா? அவள் சாப்பிட்டே நான் பார்த்ததில்லை.

எழுந்து கையைக் கழுவினேன். அடுக்கிலிருந்து இரண்டு மங்குத் தட்டுகளை எடுத்துப் பாயில் வைத்தேன். கீரை, சோறு. என் தட்டில் நான் தொடாமலிருந்த இரண்டு துண்டு மீனையும் ஆளுக்கொன்றாக வைத்தேன்.

"என்னங்க இது, உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள் பாக்கியம். "பிள்ளைங்க பாக்குது. எழுந்திரிச்சா எப்படி, போய் உக்காந்து சாப்பிடுங்க."

"நீ உக்காரு. உன் தட்டு காலியாகற வரைக்கும் நான் கை நனைக்க மாட்டேன்."

"பசிக்கலங்க எனக்கு."

"பொய் சொல்லாத. உக்காரு."

தேவி ஓடிவந்து உட்கார்ந்துவிட்டாள். மீன் பிடிக்காத என் மகள் மீனைத்தான் முதலில் எடுத்தாள். பாக்கியம் வேறு வழியில்லாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் கரண்டியோடு அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அவள் சோற்றின் மேல் குழம்பை ஊற்றினேன். ஆவி பறந்தது. அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சூடா இருந்தா இப்படித்தான் இருக்குமா?" என்றாள். "இத்தனை வருஷமா நல்லாத்தான் கொழம்பு வெச்சிருக்கேன் போல."